அடித்தல் திருத்தல் இல்லாத மெயில்

இந்த எபிசோடு ஒரு போன் காலில் ஆரம்பிக்குது. அப்போ நான் வேலை பார்த்த கம்பெனிக்கு ஒரு கஸ்டமர் இருந்தாங்க. அவங்களுக்கு வர்ற மெயிலை எல்லாம் வாங்கி, மேலே ஒரு ஹெடர் சேர்த்து, சரியான டிபார்ட்மென்ட்டுக்குத் தள்ளிவிடுற ஒரு சின்ன சர்வீஸை நான்தான் பைத்தானில் எழுதியிருந்தேன். மொத்தமே ஒரு இருநூறு வரி. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவங்க அக்கவுன்ட்ஸ் செக்‌ஷன்ல இருந்து ஒருத்தர் கூப்பிட்டார். "தம்பி, சப்ளையர் அனுப்புற பில் மெயில்ல கையெழுத்து செல்லாதுன்னு சிவப்பா காட்டுது. நான் பணம் போடவா, வேண்டாமா?"

நியாயமான கேள்வி. "எங்க பேங்க் அக்கவுன்ட் மாறிடுச்சு, இனிமே இந்த நம்பருக்குப் போடுங்க"ன்னு போலி மெயில் அனுப்பிப் பணத்தைச் சுருட்டுறது எவ்வளவு சாதாரணமா நடக்குதுன்னு உங்களுக்கே தெரியும். அதுக்காகத்தான் அந்த சப்ளையர் ஒவ்வொரு மெயிலுக்கும் டிஜிட்டல் கையெழுத்து போட்டு அனுப்புறாங்க. மெயில் சரியான மெயில்தான். நடுவுல என்னோட கோடு அதைக் கெடுத்திருக்கு. இதுல பெரிய ஆபத்து அந்த ஒரு பில் இல்லை. நாலு தடவை சும்மா சிவப்பு வந்தா, அஞ்சாவது தடவை நிஜமாவே திருட்டு மெயில் வரும்போது அவர் சிவப்பைப் பார்க்கவே மாட்டார்.

விநோதம் என்னன்னா, எல்லா மெயிலும் கெடலை. முழுக்க இங்கிலீஷில் இருந்த மெயில் எல்லாம் பச்சை. ரூபாய்க் குறி, அந்த ₹, இருந்த மெயில் மட்டும் சிவப்பு. இதுக்கான காரணத்தைத் தேடிப் போனப்போ, பதில் 1995-லயே எழுதி வைச்சிருந்தது. அந்தக் கதைதான் இன்னைக்கு.

முதல்ல, டிஜிட்டல் கையெழுத்து எதுக்குப் போடறோம்? வீட்டுப் பத்திரம் பார்த்திருப்பீங்க. எங்கேயாவது ஒரு வார்த்தையை அடிச்சு எழுதியிருந்தா, பக்கத்துலயே கையெழுத்து போடணும். கடைசியில் எத்தனை அடித்தல் திருத்தல்னு எண்ணியும் எழுதுவாங்க. பத்திரத்துல திருத்தம் இருக்கலாம், கணக்கு இருந்தா போதும். டிஜிட்டல் கையெழுத்துல அந்தச் சலுகை கிடையாது. மெயிலோட ஒவ்வொரு பைட்டையும் சேர்த்து ஒரு ஹாஷ் எடுக்குது, அந்த ஹாஷை அனுப்புறவரோட ரகசியச் சாவியால கையெழுத்தாக்குது. வரி முடிவுல இருக்கிற, கண்ணுக்கே தெரியாத ஒரு ஸ்பேஸ் காணாமப் போனாலும் ஹாஷ் முழுசா வேற. அது திருடன் மாத்தினதா, தபால்காரர் கை பட்டதான்னு கணக்குக்குத் தெரியாது.

இப்போ அந்தத் தபால்காரர் யாருன்னு பார்ப்போம். மெயில் அனுப்புற விதிமுறையான எஸ்எம்டிபி-யை ஜான் போஸ்டல் 1982-ல் எழுதினார். அன்னைக்கு மெயில்ங்கிறது 7-பிட் ஆஸ்கி எழுத்து, ஒரு வரிக்கு ஆயிரம் எழுத்துக்குள்ள, அவ்வளவுதான். வழியில் இருந்த ஒவ்வொரு மெஷினும் மெயிலை இஷ்டத்துக்குத் தொட்டுச்சு. ஐபிஎம் மெயின்ஃபிரேம்களை இணைச்ச பிட்நெட் வழியாப் போனா எழுத்துகள் எப்சிடிக்குக்கு மாறித் திரும்பி வரும். அதுல சில குறிகள் வேற குறிகளாகிடும், வரிக் கடைசி ஸ்பேஸ்கள் உதிர்ந்து போகும். யுனிக்ஸில் இன்னொரு கூத்து. அங்க எல்லா மெயிலையும் ஒரே ஃபைலில் ஒண்ணுக்குக் கீழே ஒண்ணா சேர்த்து வைப்பாங்க, 'ஃப்ரம்'னு தொடங்கற வரி வந்தா அடுத்த மெயில் ஆரம்பம்னு அர்த்தம். அப்போ நீங்க எழுதின கடிதத்துலயே ஒரு வரி 'ஃப்ரம்'னு தொடங்கினா? அதுக்கு முன்னாடி ஒரு '>' குறியைச் சேர்த்துடும். யாருக்கும் இது தப்பாத் தெரியலை. படிக்கிறவனுக்கு அர்த்தம் புரியுதா, போதும்.

அர்த்தம் போதும்னு நினைக்கிற உலகத்துல, பைட்டு முக்கியம்னு ஒரு கூட்டம் வந்து நின்னப்போதான் சண்டை ஆரம்பிச்சது.

முதல் முயற்சி 1987-ல் ஆர்எஃப்சி 989-ஆ வந்த ப்ரைவசி என்ஹான்ஸ்டு மெயில், சுருக்கமா பெம். எழுத்துகள் வழியில் கெடும்னு தெரிஞ்சதால, எந்த மெஷினும் கெடுக்க முடியாத 64 எழுத்துகளை மட்டும் தேர்ந்தெடுத்து, எல்லாத்தையும் அதுக்குள்ள மாத்தி அனுப்பற ஒரு வழியை அவங்க வைச்சாங்க. இன்னைக்கு நாம பேஸ்64-னு சொல்றதுக்கு மூதாதை அதுதான். பெம் ஜெயிக்கலை. உலகத்துல இருக்கிற எல்லாச் சான்றிதழும் ஒரே வேர்ல இருந்து கிளைக்கணும்னு அது எதிர்பார்த்தது; அந்த ஒரே வேர் யாருன்னு உலகம் ஒத்துக்கவே இல்லை. ஆனா நீங்க சர்வருக்கு எச்டிடிபிஎஸ் போட்டிருந்தா, ஏடபிள்யூஎஸ்-ல ஒரு மெஷினுக்குள்ள நுழைஞ்சிருந்தா, ஒரு 'டாட் பெம்' ஃபைலைத் தொட்டிருப்பீங்க. அஞ்சு கோடு, 'பிகின் சர்டிஃபிகேட்', அஞ்சு கோடு. அந்தக் கோடுகள் செத்துப்போன அந்த மெயில் திட்டத்தோட மிச்சம். நானும் வருஷக்கணக்கா அந்த ஃபைலை காப்பி பேஸ்ட் பண்ணிட்டு, பெம்னா என்னன்னு ஒரு நாள் கூடக் கேட்டதில்லை.

1991-ல் ஃபில் ஸிம்மர்மன் பிஜிபி-யை வெளியிட்டார். அமெரிக்க அரசாங்கம் அதை ஆயுத ஏற்றுமதி மாதிரி விசாரிச்சது, 1996 ஜனவரியில் கைவிட்டது, நடுவுல எம்ஐடி பிரஸ் சோர்ஸ் கோடு முழுசையும் புஸ்தகமாவே அச்சடிச்சது, இதெல்லாம் தனி எபிசோடு. நமக்கு வேண்டியது பிஜிபி கையெழுத்து போட்ட முறை. அதுல கடிதம் படிக்கிற மாதிரி அப்படியே இருக்கும், கீழே கையெழுத்து எழுத்துக் குப்பையா ஒட்டிக்கும். வழியில் ஸ்பேஸ் உதிரும்னு ஸிம்மர்மன் கூட்டத்துக்குத் தெரியும். அதனால, வரிக் கடைசி ஸ்பேஸை எண்ணிக்கையிலயே சேர்க்கிறதில்லை. அப்புறம், கோடோட தொடங்கற வரி கடிதத்துல இருந்தா கையெழுத்து எல்லைக்கோடுன்னு குழப்பம் வரும். அதனால அந்த வரிக்கு முன்னாடி இன்னொரு கோடும் ஸ்பேஸும் சேர்ப்பாங்க. பழைய மெயிலிங் லிஸ்ட் காப்பகங்களைப் பார்த்தா, பேருக்கு மேல ரெண்டு கோடு இருக்க வேண்டிய இடத்துல கோடு, இடைவெளி, ரெண்டு கோடுன்னு நிக்கும். ரொம்ப நாள் அதை டைப்பிங் தப்புன்னே நினைச்சேன்.

1992-ல் மைம் வந்தது. நத்தானியேல் போரன்ஸ்டைன், நெட் ஃப்ரீட் ரெண்டு பேரும் எழுதினது. மெயிலுக்குள்ள படம், ஃபைல், பல மொழி எல்லாம் அதுக்கப்புறம்தான். மெயில் ஒரு காகிதமா இருந்தது போய், உறைக்குள்ள உறைக்குள்ள உறைன்னு ஒரு மரமா ஆச்சு. கையெழுத்துக்காரங்களுக்கு இது புதுத் தலைவலி: மரத்துல எந்தக் கிளைக்குக் கையெழுத்து?

பதில் 1995 அக்டோபரில் வந்த ஆர்எஃப்சி 1847. நெட் ஃப்ரீட் இதுலயும் இருக்கார். 'மல்ட்டிபார்ட் சைன்டு'னு ஒரு உறை. உள்ளே சரியா ரெண்டே பாகம். முதல் பாகம் விஷயம், ரெண்டாவது பாகம் அதுக்கான கையெழுத்து. கேட்க ஒண்ணுமில்லாத மாதிரி இருக்கு. ஆனா அந்த ஆவணத்தை ஒரு பயத்தோட எழுதியிருக்காங்க, படிச்சா தெரியும். முதல் பாகம் பூட்டின பெட்டி, வழியில் யாரும் திறந்து அடுக்கக் கூடாது. கையெழுத்துல முதல் பாகத்தோட ஹெடர்களும் சேர்த்தி, அதனால ஹெடர் வரியை மடிச்சு எழுதினாக்கூட கெட்டுது. வரி முடிவு எப்பவும் ரெண்டு பைட்டு, சிஆர், எல்எஃப். உங்க லினக்ஸ் ஃபைலில் எல்எஃப் மட்டும் இருந்தா, சரிபார்க்கறதுக்கு முன்னாடி மாத்திக்கணும். எனக்கு ரொம்பப் பிடிச்சது கடைசி வரி விஷயம். முதல் பாகம் முடிஞ்சு எல்லைக்கோடு வரும் இல்லையா, அதுக்கு முன்னாடி இருக்கிற லைன் பிரேக் கடிதத்தோடது இல்லை, எல்லைக்கோட்டோடது. அந்த ரெண்டு பைட்டு யாரோட சொத்துன்னு தெரியாம கையெழுத்து சரிபார்க்கிற கோடு எழுதினவங்க, ராத்திரி ரெண்டு மணிக்கு 'எல்லாம் சரியாத்தானே இருக்கு'ன்னு ஸ்கிரீனைப் பார்த்துட்டு உட்கார்ந்திருப்பாங்க. வரப்புத் தகராறு மாதிரிதான்.

அதுலயே இன்னொரு நிபந்தனை: கையெழுத்து போடறவர் விஷயத்தை 7-பிட்டுக்குள்ள மாத்திட்டுத்தான் போடணும். ஏன்னா 8-பிட் எழுத்து, அதாவது தமிழோ ₹-ஓ அப்படியே போனா, வழியில் ஒரு பழைய சர்வர் நல்ல மனசோட அதை பேஸ்64-ஆ மாத்திடும். அர்த்தம் மாறாது, பைட்டு மாறிடும். 2001-ல் பிஜிபி-க்காக வந்த ஆர்எஃப்சி 3156 இன்னும் கறார்: வரிக் கடைசியில் ஸ்பேஸ் இருந்தா அதை '=20'னு எழுதி மறைச்சுடு, 'ஃப்ரம்'னு தொடங்கற வரியையும் அதே மாதிரி மறைச்சுடு. அந்த யுனிக்ஸ் '>' குறி அவங்களை எவ்வளவு கடிச்சிருக்கணும் பாருங்க.

ஆர்எஸ்ஏ டேட்டா செக்யூரிட்டி 1995-ல் தொடங்கின எஸ்மைமும் இந்த உறையையே எடுத்துக்கிச்சு. ஆபீஸ் உலகம் போனது அந்தப் பக்கம்தான். உங்க இன்பாக்ஸில் 'எஸ்மைம் டாட் பி7எஸ்'னு திறக்க முடியாத ஒரு அட்டாச்மென்ட் எப்பவாவது வந்திருந்தா, அது வைரஸ் இல்லை, கையெழுத்து.

சரி, விதி எழுதியாச்சு. இதை நடைமுறையில் காப்பாத்த வேண்டியது யாரு? லைப்ரரி எழுதறவங்க. அங்கதான் எனக்கு இந்தக் கதை உண்மையிலேயே சுவாரசியமாகுது.

பைத்தானோட 'ஈமெயில்' பேக்கேஜ் 2001 டிசம்பரில், 2.2 வெர்ஷன்ல வந்தது. எழுதினவர் பேரி வார்ஸா. அவர்தான் மெயில்மேன்ங்கிற மெயிலிங் லிஸ்ட் மென்பொருளையும் நடத்திட்டிருந்தவர், மெயில்மேன் 2.1 இந்த பேக்கேஜை வைச்சுத்தான் ஓடிச்சு. மெயிலிங் லிஸ்ட்டோட வேலை என்ன? வந்த மெயிலைத் திறந்து, சப்ஜெக்ட்ல லிஸ்ட் பேரைச் சேர்த்து, கீழே ஃபுட்டர் ஒட்டி, எல்லாருக்கும் அனுப்பறது. அதாவது, மெயிலை மாத்தறதுதான் தொழில். அந்த வீட்டுல வளர்ந்த லைப்ரரி, மெயிலைப் படிச்சு ஆப்ஜெக்ட் மரமாக்கும், கேட்டா அந்த மரத்துல இருந்து மறுபடி எழுத்தாக்கித் தரும். இட்லியை உதிர்த்து உப்புமா பண்ற மாதிரி. ருசியா இருக்கும், பசிக்கும் ஆகும், ஆனா பழைய இட்லியைத் திருப்பிக் கேட்காதீங்க. நீளமான ஹெடரை அது தன் வழக்கப்படி மடிக்கும். ஜெனரேட்டரை நேரடியா கூப்பிட்டா அந்த '>' குறி வழக்கத்தைக்கூட இன்னைக்கு வரைக்கும் டீஃபால்ட்டா வைச்சிருக்கு.

கையெழுத்து உடையுதுன்னு புகார் வந்தப்போ அவங்க பண்ணின வேலையை சோர்ஸ் கோடுலயே பார்க்கலாம். ஜெனரேட்டர் ஃபைலில் மல்ட்டிபார்ட் சைன்டுக்குன்னே ஒரு சின்ன ஃபங்ஷன். உள்ளே போறப்போ ஹெடர் மடிக்கறதை நிறுத்திடுது, வெளியே வந்ததும் திரும்ப ஆன் பண்ணிடுது. அதுக்கு மேல ஆர்எஃப்சி 1847-ஐச் சொல்ற ஒரு கமென்ட். அந்தக் கமென்ட்டுக்குக் கீழே, பின்னாடி அந்த பேக்கேஜைப் பராமரிச்ச ஆர். டேவிட் மர்ரே தன் இனிஷியலோட ஒரு வரி சேர்த்திருக்கார். பாகத்தை முழுசாக் காப்பாத்த இது போதாது, ஏதோ உதவும்ங்கிற அர்த்தத்துல. லைப்ரரி ஆவணங்கள்ல இல்லாத நேர்மை அந்த ஒரு வரியில இருந்தது. எனக்கு அதைப் பார்த்தப்போ கொஞ்சம் கோபம்கூட வந்தது: இதை ஏன்யா உள்ளே ஒளிச்சு வைச்சீங்க?

பைத்தான் 3 வந்தப்போ நிலைமை இன்னும் சிக்கலாச்சு. 2008-ல் எழுத்து வேற, பைட்டு வேறன்னு மொழியே பிரிச்சுடுச்சு. ஈமெயில் பேக்கேஜ் எழுத்துப் பக்கம் நின்னுது. ஆனா மெயில் பைட்டு. 2011-ல் 3.2 வந்த பிறகுதான் பைட்டா வாங்கிப் பைட்டாவே திருப்பித் தர்ற வழி கிடைச்சது. அதுவும் எப்படின்னா, ஆஸ்கிக்கு அடங்காத பைட்டுகளை எழுத்துக்குள்ள ஒரு மாறுவேஷத்துல ஒளிச்சு வைச்சு, வெளியே போறப்போ வேஷத்தைக் கலைச்சு விடும். பைட்டா கேட்டா கலைக்கும். எழுத்தா கேட்டா? அந்தப் பாகத்தை பேஸ்64-ஆ மாத்தி, ஹெடரையும் அதுக்கேத்த மாதிரி திருத்தி, சுத்தமாக் கையில் கொடுக்கும்.

நான் எழுத்தாத்தான் கேட்டிருந்தேன். 'ஆஸ் ஸ்ட்ரிங்', ஒரே ஒரு கால். சப்ளையரோட மென்பொருள் 7-பிட் விதியை மதிக்காம ₹-ஐ அப்படியே அனுப்பியிருக்கு. 1995-ல் அவங்க பயந்த அந்த நல்ல மனசு சர்வர், வேற யாரும் இல்லை, நான்.

இதுக்கு நேர் எதிரான தப்பும் உண்டு: நல்ல மெயிலுக்குச் சிவப்பு காட்டறது ஒண்ணு, கெட்ட மெயிலுக்குப் பச்சை காட்டறது இன்னொண்ணு. 2018 ஜூன்ல மார்கஸ் பிரிங்க்மன்ங்கிற ஆராய்ச்சியாளர் சிக்ஸ்பூஃப்னு ஒண்ணை வெளியிட்டார். பல லைப்ரரிகள் கையெழுத்து சரிபார்க்க க்னுபிஜி புரோகிராமை ஓடவிட்டு, அது எழுதற ஸ்டேட்டஸ் வரிகளைப் படிக்கும். அதே குழாயில் சாதாரண லாக் வரிகளும் வரலாம். மெயிலுக்குள்ள ஒரு ஃபைல் பேர் வைக்க இடம் இருக்கு. அந்தப் பேருக்குள்ள ஒரு லைன் பிரேக்கும், 'கையெழுத்து சரி'ங்கிற ஸ்டேட்டஸ் வரியும் எழுதி வைச்சா, விரிவான லாக் ஆன் ஆகியிருக்கிற இடத்துல லைப்ரரி அதை நிஜம்னு நம்பிடும். கையெழுத்தே இல்லாத மெயிலுக்கும் பச்சை. தண்டர்பேர்டில் பலரும் வைச்சிருந்த எனிக்மெயில், மேக்குக்கான ஜிபிஜிடூல்ஸ், பைத்தானோட க்னுபிஜி லைப்ரரி, மூணும் மாட்டிச்சு.

அடுத்த வருஷம் அவரும் இன்னும் சில ஜெர்மன் ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து மெயில் புரோகிராம்களை வரிசையா சோதிச்சாங்க. பாதிக்கு மேல ஏமாந்தது. அதுல ஒரு வகைத் தாக்குதல் நம்ம மரத்தோட கதைதான்: வெளியே சாதாரண உறை, உள்ளே ஒரு கிளை போலிக் கடிதம், இன்னொரு கிளையில் யாரோ எப்பவோ நிஜமாக் கையெழுத்து போட்ட பழைய மெயில், கண்ணுக்குத் தெரியாத மாதிரி. கையெழுத்து சரி. ஆனா திரையில் தெரியறது வேற கடிதம். கிரிப்டோகிராஃபி எங்கயும் உடையலை. கையெழுத்து எந்தக் கிளைக்குங்கிறதை லைப்ரரி சொன்னதா, அதை ஸ்கிரீன் பண்றவர் கேட்டாரா, அங்கதான் உடைஞ்சது.

இதுக்கெல்லாம் நடுவுல இன்னொரு கூட்டம் வேற வழியில் போனாங்க. யாஹூவோட டொமைன்கீஸும் சிஸ்கோவோட ஒரு திட்டமும் சேர்ந்து 2007-ல் டிகிம் ஆச்சு. இதுல கையெழுத்து போடறது ஆள் இல்லை, அனுப்புற சர்வர். தபால்காரங்க தொடத்தான் போறாங்கன்னு ஒத்துக்கிட்டு, 'ரிலாக்ஸ்டு'னு ஒரு முறை வைச்சாங்க: வரிசையா பத்து ஸ்பேஸ் இருந்தாலும் ஒண்ணா எண்ணு, வரிக் கடைசி ஸ்பேஸை விட்டுடு. நாம யாரும் எதையும் கிளிக் பண்ணாம, நம்ம பெரும்பாலான மெயிலுக்கு இன்னைக்குக் கையெழுத்து இருக்குன்னா அது டிகிம். அதோட விளைவு யாரும் எதிர்பார்க்காதது. 2016-ல் ஜான் பொடெஸ்டாவோட மெயில்களை விக்கிலீக்ஸ் வெளியிட்டப்போ, இதெல்லாம் திருத்தினதா இருக்கலாம்னு பேச்சு வந்தது. வெளியில இருந்தவங்க டிகிம் கையெழுத்தைச் சரிபார்த்து, பல மெயில்கள் அனுப்பினபடியே இருக்குன்னு காட்டினாங்க. 2020-ல் கிரிப்டோகிராஃபர் மாத்யூ கிரீன், கூகுள் தன்னோட பழைய டிகிம் ரகசியச் சாவிகளை வெளியிட்டுடணும்னு கேட்டார். அப்பதானே பழைய மெயிலைத் திருடறவன் 'இதோ ஆதாரம்'னு நீட்ட முடியாது. கையெழுத்து செல்லாமப் போகணும்னும் ஒருத்தர் நியாயமாக் கேட்க முடியும்னு அப்பத்தான் எனக்கு உறைச்சது.

என்னோட சர்வீஸுக்கு வருவோம். திங்கட்கிழமை நான் பண்ணின மாற்றம் பதினஞ்சு வரிகூட இருக்காது. வந்த பைட்டை வந்தபடியே வைச்சுக்கிட்டேன். லைப்ரரி தர்ற மரத்தை, எந்த டிபார்ட்மென்ட்டுக்குப் போகணும்னு தெரிஞ்சுக்க மட்டும் படிச்சேன். என் ஹெடரை அந்தப் பைட்டுகளுக்கு முன்னாடி ஒட்டினேன். மிச்சத்தை மரத்துல இருந்து எழுதவே இல்லை. டெஸ்ட்டுக்கு ₹ இருக்கிற மெயில் ஒண்ணு, வரிக் கடைசியில் ஸ்பேஸ் இருக்கிறது ஒண்ணு, 'ஃப்ரம்'னு தொடங்கற வரி இருக்கிறது ஒண்ணு, மூணையும் கையெழுத்தோட சேர்த்து ஃபோல்டரில் போட்டேன். அப்புறம் அக்கவுன்ட்ஸ் சாருக்குக் கூப்பிட்டு, இனிமே சிவப்பு வந்தா பணம் போடாதீங்க, முதல்ல எனக்குப் போன் பண்ணுங்கன்னு சொன்னேன்.

"அப்போ வெள்ளிக்கிழமை வந்தது தப்பில்லையா?"ன்னு கேட்டார்.

மெயில் தப்பில்லை சார், என் மேலதான் தப்புன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, அந்த நாலு மெயிலையும் திரும்ப அனுப்பச் சொல்லி சப்ளையர்கிட்ட கேட்கிறேன்னு போனை வைச்சார்.